மீசைக்குள் ஒளிந்த கட்டி

எங்கள் இல்லத்தில் உடன்பிறந்தோர் நால்வர். மூத்தவர் பெரியண்ணன். அவருக்குப் பின் ஒரு தங்கையும் தம்பியர் இருவருமாக நாங்கள் மூவர். எழுதுகோலைப் பிடித்திருப்பது எங்களுள் ஒருவரின் கையே எனினும், இங்குச் சொல்லப்போகும் பிழை மூவருக்கும் பொதுவானது. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகின்றோம். பெரியண்ணன் தம் பெயரொழிய மற்றனைத்தையும் எழுத இசைவு தந்துவிட்டார். “மீசையை மட்டும் மறந்துவிடாதீர்கள்” என்று நகைத்தார்.

மீசையிலிருந்தே தொடங்குவோம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த அவர், கோடு கிழித்தாற்போன்ற மெல்லிய மீசையே வைத்திருந்தார். 2012-ஆம் ஆண்டு வாக்கில் அது தடிக்கத் தொடங்கியது. ஈராண்டுகளில் மேலுதட்டையே மூடிவிட்டது. ஓய்வு பெறப்போகும் ஆசிரியருக்கு வந்த புதிய ஆசை என்று எண்ணி நாங்கள் கேலி செய்தோம். மதினி மட்டும் அந்தக் கேலியில் கலந்துகொள்ளவில்லை. அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

எங்கள் தந்தையாரைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். அவர் வெற்றிலையும் புகையிலையுமாக வாழ்ந்தவர். இடக் கன்னத்தின் உட்புறத்தில் அடக்கிய புகையிலை இரவு உறக்கத்திலும் அங்கேயே இருக்கும். அதே இடத்தில் ஒரு புண் தோன்றிற்று. ஆறாத புண். மதுரைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்திருந்தது. 1988-இல் அவர் கண்மூடினார். கடைசி மூன்று மாதங்கள் அவருக்குக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டியவர் பெரியண்ணன். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவந்த அந்தப் புண்ணை நாள்தோறும் துடைத்துக் கட்டியவரும் அவரே. நாங்கள் சிறியவர்கள், வாசற்படிக்கு அப்பால் நிறுத்தப்பட்டோம். எனவே அச்சம் என்பது எங்களுக்குக் கேள்வியறிவு, அவருக்கோ கண்டறிவு.

2011-இல் ஒருநாள் முகம் மழிக்கையில், மேலுதட்டின் இடப்பக்கம், மூக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தை ஒட்டி, மிளகளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டதாம். வலியில்லை, சிவப்பில்லை, கீழே வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. மழிப்பதில் ஏற்பட்ட முடிக்கட்டி என்று விட்டுவிட்டார். பிறகு சூட்டுக்கட்டி என்று கருதி, மதினி சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினார். மேல்தோல் வெந்து உரிந்ததுதான் மிச்சம். உள்ளிருந்தது அசையவில்லை. அது மெல்ல மெல்ல வளர்ந்து, நான்காண்டில் பட்டாணி அளவாயிற்று.

2015-இல் அவர் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு சிறு மருத்துவமனைக்குச் சென்றார். எந்த ஊர், எவர் என்பதெல்லாம் இங்குத் தேவையில்லை. “கொழுப்புக்கட்டிதான், ஐந்து நிமிட வேலை” என்றார்கள். உண்மையிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மரத்துப்போகும் ஊசி ஒன்று, சிறு கீறல், பசைபோன்ற வெண்மையான துண்டுகள் சில, இரண்டு தையல். வெளிவந்த துண்டுகளைப் பஞ்சோடு சுருட்டிக் கூடையில் இட்டார்கள். “சோதிக்க அனுப்ப வேண்டாமா?” என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை வந்துவிடுமே என்ற பயம்தான் என்று பின்னாளில் எங்களிடம் ஒப்புக்கொண்டார். கூடையில் விழுந்தது அவருடைய ஐயத்துக்கான விடை. அதை அறியாமலே பெருமூச்சு விட்டு வீடு திரும்பியிருக்கிறார்.

ஈராண்டு கழித்து, அதே தழும்பின் அடியில் அது மீண்டும் தலைகாட்டிற்று. இம்முறை சற்று விரைவாகவே வளர்ந்ததாக அவருக்குத் தோன்றியது. திரும்பி வருவது புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டார். மீசை இன்னும் அடர்ந்தது.

ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் திருச்சிலுவையை முத்தி செய்ய வரிசையில் செல்லும்போது, எல்லாரும் இதழ் பதிக்க, பெரியண்ணன் மட்டும் குனிந்து நெற்றியை வைத்து எடுப்பதைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வந்தோம். தாழ்ச்சியின் மிகுதி என்று எங்கள் தங்கை தன் பிள்ளைகளுக்கு அதை எடுத்துக்காட்டிக்கூடச் சொல்லியிருக்கிறாள். உண்மை வேறு. தமக்குப் பின்னால் சிறு குழந்தைகள் முத்தி செய்ய வருவார்கள், தம் உதட்டிலிருப்பது அவர்களுக்கு ஒட்டிவிடலாகாது என்று அஞ்சியிருக்கிறார். புற்றுநோய் ஒருவர் உதட்டிலிருந்து மற்றவர்க்குத் தொற்றுவதில்லை என்பது அத்தனை படித்த மனிதருக்குத் தெரியாததன்று. அச்சம் படிப்பைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

2020-இல் கொரோனா வந்தது. உலகமெல்லாம் முகக்கவசத்தை வெறுத்தபோது அவர் ஒருவர்தாம் அதை ஒரு விடுதலையாக ஏற்றார் என்று நினைக்கிறோம்.

இனி எங்கள் பிழை. நாங்கள் மூவரும் அதனைக் கண்டிருந்தோம். தங்கை 2018-இல், அவர் காப்பி அருந்தி மீசையைத் துடைத்தபோது கண்டாள். தம்பியரில் ஒருவன் ஒரு திருமண விருந்தில் பக்கத்து இலையிலிருந்து கண்டான். மற்றவன் நிழற்படமொன்றைப் பெரிதாக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டான். ஆனால் ஒருவர் மற்றவரிடம் வாய்திறக்கவில்லை. அவரிடம் கேட்டால் தந்தையாரின் பெயர் நடுவே வரும். அந்தப் பேச்சை எவரும் தொடங்க விரும்பவில்லை. இதைவிடச் சிறியதொரு காரணமும் உண்டு, வெட்கத்தோடு எழுதுகின்றோம். அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பெண்ணின் தகப்பனுக்கு உதட்டில் கட்டி, பாட்டனோ வாய்ப்புற்றில் இறந்தவர் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று, தனித்தனியாக, மூவருமே கணக்குப் போட்டிருந்தோம்.

2022 தொடக்கத்தில் ஒரு வரன் பொருந்தி வந்தது. பெண் பார்க்க வந்தவர்களுள் மாப்பிள்ளையின் தாயார் பல்லாண்டுகள் அறுவைப் பிரிவில் செவிலியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பேச்செல்லாம் முடிந்து, தட்டு மாற்றும் நாளும் குறித்தாயிற்று. புறப்படும்போது அவர் அண்ணனைத் திண்ணைப் பக்கம் அழைத்து, தணிந்த குரலில், “சம்பந்தி, தவறாக நினைக்கக் கூடாது. மீசைக்குக் கீழே இருப்பதை யாரிடமாவது காட்டினீர்களா?” என்று கேட்டார். அண்ணனுக்கு நாவெழவில்லை. “திருமணத்துக்கு முன்பே பார்த்துவிடுவோம். நானும் உடன் வருகிறேன்” என்றார் அந்த அம்மையார். யாருக்குத் தெரியக் கூடாதென்று பத்தாண்டுகளாக மயிர் வளர்த்தாரோ, அவர்களுக்கு அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டிருந்தது!

மதுரையில் முக அறுவை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். இம்முறை எல்லாருமாகவே சென்றோம். அவர் முதலில் செய்தது, மீசையை மழிக்கச் சொன்னதுதான். பிறகு, ஒரு விரலை உதட்டின் உட்புறமும் மற்றொன்றை வெளிப்புறமும் வைத்து, இடையிலிருந்ததை நெடுநேரம் உருட்டிப் பார்த்தார். கெட்டியாக இருக்கிறது, ஆனால் கல்லைப்போலன்று. தோலோடு சேர்ந்து நகர்கிறது. அடியிலுள்ள தசையிலோ எலும்பிலோ ஒட்டவில்லை. மேலே புண்ணில்லை, உதிரம் கசியவில்லை, உதடு மரத்துப்போகவில்லை. கழுத்திலும் தாடையின் கீழும் நெறிகட்டவில்லை. ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே சோதித்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார் போலும்.

தந்தையாரின் கதையைக் கேட்டபின் அவர் தந்த விளக்கம் எங்களுக்குப் புதிது. நம் நாட்டில் வாய்ப்புற்று பெரும்பாலும் புகையிலை அடக்கும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறோரத்திலும் வருவது. உதட்டில் வரும் செதிற்செல் புற்றோ பெரும்பாலும் கீழுதட்டைப் பிடிப்பது. வெயில் நேராக விழுவது அங்கேதான். மேலுதட்டில், ஆண்டுக்கணக்கில், வலியின்றி, தோல் கெடாமல் உருண்டையாக வளரும் கட்டி பெரும்பாலும் தீங்கற்றதாயிருக்கும். “ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்” என்றார். மேலுதட்டிலும் ஒருவகைத் தோற்புற்று வருவதுண்டு. தீங்கற்ற கட்டிகளிலேயே பல இனங்கள் உள்ளன. கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி, நரம்புறைக் கட்டி, சுரப்பிக் கட்டி எனப் பலவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தோற்றந்தான். விரலுக்கு இவ்வளவுதான் தெரியும் என்று தம் விரலையே காட்டினார்.

மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில உயிரணுக்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவினார்கள். ஊசிமுனையில் வந்தது பிசின் போலிருந்தது. மறுநாள் கிடைத்த குறிப்பு இது: கலப்புக் கட்டியாகத் தோன்றுகிறது, புற்றணுக்கள் காணப்படவில்லை, முழுமையாக எடுத்துச் சோதித்த பின்னரே உறுதி. அந்தக் கடைசி வாக்கியத்தையே அண்ணன் திரும்பத் திரும்ப வாசித்தார். ஆறுதல் தரும் வாக்கியம் அதற்கு முன்னாலேயே இருந்தது; அவர் கண்ணில் அது படவேயில்லை.

மார்ச் மாதத்தில் அறுவை நடந்தது. மயக்க மருந்து இல்லை. கண்ணுக்குக் கீழே எலும்பிலுள்ள ஒரு சிறு துளை வழியாக வெளிவரும் நரம்புதான் மேலுதட்டுக்கு உணர்வளிப்பதாம்; அதன் அருகே மருந்தேற்றினால் பாதி மேலுதடு மரத்துவிடும். முதலில் உதட்டின் சிவப்பும் வெளித்தோலும் சந்திக்கும் கோட்டில் மையால் புள்ளியிட்டார். தைக்கையில் அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரே நிற்பவர் கண்ணில் படும் என்றார். பழைய தழும்பையும் சேர்த்து, கட்டியைச் சுற்றிச் சிறிதளவு நல்ல தசையோடு முழுதாக எடுத்தார். பதினாறு மில்லிமீட்டர் அகலம். இம்முறை அது கூடைக்குப் போகவில்லை. ஃபார்மலின் நிறைந்த சிறு குப்பிக்குள் போயிற்று. குப்பியின்மேல் பெயரும் எண்ணும் எழுதப்பட்டதைச் சம்பந்தியம்மாள் பக்கத்தில் நின்று சரிபார்த்தார். செவிலியரின் பழக்கம்.

பிறகு ஒரு வாரக் காத்திருப்பு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாரும் தேவைக்கு அதிகமாகவே பேசினோம்.

முடிவு வந்தது: தீங்கற்றது. தோலின் கலப்புக் கட்டி. மருத்துவ நூல்களில் காண்ட்ராய்டு சிரிங்கோமா. ஓரங்களில் கட்டியின் எச்சம் எதுவுமில்லை.

இத்தனை நீண்ட பெயரைக் கேட்ட அண்ணனுக்குத் தமிழாசிரியர் குணம் தலைதூக்கிற்று. பொருள் தெரியாமல் வீடு திரும்ப மறுத்துவிட்டார். நோய்க்குறியியல் மருத்துவரான அம்மையார் அதைக் கேட்டுச் சிரித்து, எங்களை உள்ளே அழைத்து நுண்ணோக்கியில் காட்டினார். எடுத்த தசையை ஃபார்மலினில் ஊறவைத்து, சாராயத்தில் நீர் நீக்கி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு பருமனுள்ள ஏடுகளாகச் சீவி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றுவார்களாம். நாங்கள் ஒருவர்பின் ஒருவராகக் கண்ணை வைத்தோம். கண்டதை இன்றளவும் மறக்கவில்லை. நீலம் பாய்ந்த கூழ் போன்ற ஒரு பரப்பு. அதனிடையே கிளைவிட்டோடும் சிறு குழாய்கள். ஒவ்வொரு குழாயின் சுவரிலும் உள்ளொன்று வெளியொன்றாக இரண்டு வரிசை உயிரணுக்கள். அங்கங்கே அந்தக் கூழ் இறுகி, காதுமடலில் உள்ள குருத்தெலும்பைப் போலவே தோன்றியது.

“உதட்டில் ஏதம்மா குருத்தெலும்பு?” என்றார் அண்ணன். பெயருக்கே அதுதான் பொருள் என்றார் அவர். கிரேக்க மொழியில் ‘காண்ட்ரோஸ்’ குருத்தெலும்பைக் குறிக்கும். ‘சிரின்க்ஸ்’ குழலைக் குறிக்கும், ஆயர் ஊதும் குழல் உட்பட. குழாய் வடிவான வியர்வைச் சுரப்பியிலிருந்து தோன்றி, குருத்தெலும்பு போன்ற பொருளைத் தன்னைச் சுற்றிப் படைத்துக்கொள்ளும் கட்டி. குழாய்ச் சுவரின் வெளிவரிசை உயிரணுக்களே வழிமாறி அந்தக் கூழைச் சுரக்கின்றன. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கலப்புக் கட்டிக்கு இணையானது தோலிலும் உண்டென்று 1859-இல் எழுதியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத். அமெரிக்காவில் ஹிர்ஷ், ஹெல்விக் என்னும் இருவர் 188 நோயாளரின் கட்டிகளை ஆராய்ந்து, 1961-இல் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். தோலில் முளைக்கும் கட்டிகளில் ஆயிரத்தில் ஒன்றுகூட இது இராது. வருமிடம் பெரும்பாலும் தலையும் முகமுமே: மூக்கு, கன்னம், மேலுதடு. நடுவயதைக் கடந்த ஆண்களே மிகுதி.

உதடு ஒரு விந்தையான எல்லைப்புறம் என்பதும் அன்றுதான் விளங்கிற்று. வெளிப்புறம் மயிரும் வியர்வைச் சுரப்பியும் உள்ள தோல். உட்புறம் நூற்றுக்கணக்கான சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் பதிந்த ஈரச்சவ்வு. இடையிலுள்ள சிவந்த பகுதியிலோ மயிரும் வியர்வையும் இல்லை. உதட்டின் நடுவில் ஒரு கலப்புக் கட்டி வந்தால், அது தோலின் பிள்ளையா, வாயின் பிள்ளையா என்று வல்லுநர்களே தயங்குவார்களாம். இரண்டின் முகச்சாயலும் ஒன்று. இரண்டிலும் எட்டாவது குரோமோசோமில் உள்ள ‘பிளாக் ஒன்று’ என்னும் மரபணு இடம்பெயர்ந்து, அடங்கியிருக்க வேண்டிய காலத்தில் விழித்துக்கொண்டிருப்பது பலமுறை காணப்பட்டுள்ளது. அண்ணனுடைய கட்டி தோலடியில், சவ்வோடு தொடர்பின்றி இருந்தமையால் தோலின் பிள்ளை என்றே முடிவு கட்டினார்கள்.

“இது என் தகப்பனாரிடமிருந்து வந்ததா? என் மகளுக்குப் போகுமா?” என்று அண்ணன் கேட்டார். அவர் இத்தனை ஆண்டுகள் கேட்க அஞ்சிய கேள்வி அதுதான். மருத்துவர் உடனே விடை சொன்னார். தந்தையாரின் நோய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது புகையிலை தந்தது; இதற்குப் புகையிலையும் காரணமன்று, வெயிலும் காரணமன்று, உதட்டைக் கடித்ததும் மழித்ததும் காரணமன்று. மரபணுவில் நேர்ந்த மாற்றம் அந்த ஒரு சுரப்பியின் உயிரணுவுக்குள்ளேயே நிகழ்ந்தது. பெற்றோரிடமிருந்து வந்ததுமில்லை, பிள்ளைகளுக்குச் செல்வதுமில்லை. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நெடுநேரம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார் என்பது எழுந்தபோதுதான் தெரிந்தது.

மருத்துவர் தகட்டை ஓரமாக நகர்த்தி, “இதை முன்னர் எவராவது கீறினார்களா?” என்று கேட்டார். கட்டியின் ஒருபுறம் வெளிறிய நார்க்கற்றை ஒன்று ஓடிற்று. பழைய கத்தியின் தழும்பு அது. இக்கட்டிக்கு உறைபோன்ற ஓர் எல்லை உண்டு. அதைக் கிழித்துத் துண்டு துண்டாக எடுத்தால், தங்கிவிட்ட சிறு துணுக்கிலிருந்து மீண்டும் வளரும். புற்றானதால் திரும்பி வரவில்லை. மிச்சம் வைத்ததால் திரும்பி வந்தது. அரிதாக இவ்வினத்திலும் தீயது உண்டு. அது பெரும்பாலும் உடலிலும் கைகால்களிலும் தோன்றுவது. அண்ணனின் ஏடுகளில் அணுக்கள் ஒழுங்காக இருந்தன. எல்லையை மீறிச் செல்லவில்லை.

2015-இல் கூடையில் வீழ்ந்த துண்டுகளைத் தகட்டில் வைத்திருந்தால் அன்றே இதே படத்தைக் கண்டிருக்கலாம். ஏழாண்டுகள்! ஒரு மனிதர் தம் சாவை மீசைக்கடியில் சுமந்து நடந்த ஏழாண்டுகள். அந்த மருத்துவமனையின்மேல் எங்களுக்குக் கோபம் இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் கேட்காமல் விட்டது ஒரு முறை. நாங்கள் கேட்காமல் விட்டதோ ஒவ்வொரு கிறிஸ்மஸிலும், ஒவ்வொரு பொங்கலிலும், ஒவ்வொரு பந்தியிலும். கோபத்தைப் பங்கிட்டால் எங்களுக்கே கூடுதல் வரும்.

திருமணம் அவ்வாண்டு மே மாதம் இனிதே நடந்தது. மணவிழாப் படங்களில் பெரியண்ணன் மீசையில்லாமல் நிற்கிறார். எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பிறகு மீண்டும் பழைய மெல்லிய மீசை வளர்த்துக்கொண்டார். தழும்பின்மீது மயிர் முளைப்பதில்லை ஆகையால், இடப்பக்கம் அதில் ஓர் இடைவெளி உண்டு. யாரேனும் அதை உற்றுப் பார்த்தால், அவர்கள் கேட்குமுன் தாமே சொல்லத் தொடங்கிவிடுகிறார். காண்ட்ராய்டு சிரிங்கோமா என்று அவர் உச்சரிப்பதைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

2023-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று எங்கள் கோவிலில் வரிசை நீண்டிருந்தது. பெரியண்ணன் எங்களுக்கு நான்கு பேர் முன்னால் நின்றார். அவர் முறை வந்தபோது எங்களையறியாமல் மூவருமே எட்டிப் பார்த்தோம். குனிந்தார், பழக்கத்தால் நெற்றியை வைத்தார், எழப்போனவர் மறுபடியும் குனிந்தார். பின்னால் நின்ற சிறுவன் பொறுமையிழந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.